கீசர் டைமர்: அணைக்கத் தெரியும், ஞாபகம் வைக்கத் தெரியாது

கீசருக்கு நான் மாட்டியிருக்கும் டைமர் பெட்டி விலை இறங்கியிருக்கிறதாம். "வாங்கலாமாடா?" என்று நண்பன் கேட்டு ஒரு வாரம் ஆகிறது. வாட்ஸ்அப்பில் ஒரு வரி அடிப்பேன், அழிப்பேன். 'வாங்கு' என்று போட்டால் ஐப்பசி மழையில் பச்சைத்தண்ணியில் குளித்துவிட்டு என்னைத்தான் திட்டுவான். 'வேண்டாம்' என்று போட்டால் அந்தப் பெட்டிக்கு நான் செய்யும் துரோகம். இந்தக் கோடை, மழை, பனி எல்லாம் பார்த்தாகிவிட்டது என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்லிவிடுகிறேன்.

முதலில், தெர்மோஸ்டாட் இருக்கும்போது டைமர் எதற்கு என்று கேட்பார்கள். எங்கள் எலக்ட்ரீஷியனும் அதைத்தான் கேட்டார். தண்ணீர் சூடானதும் கீசர் தானே நின்றுவிடும், உண்மை. ஆனால் அது நின்று ஓய்வதில்லை. தொட்டித் தண்ணீர் ஆற ஆறத் திரும்பத் திரும்ப ஏற்றிக்கொண்டே இருக்கும். அந்த ஆறும் கணக்கை வைத்துத்தான் தொட்டி வைத்த கீசர்களுக்கு மின்சிக்கன ஸ்டாரே கொடுக்கிறார்கள். காலையில் போட்ட சுவிட்ச் சாயங்காலம் வரை அப்படியே கிடந்தால் குளிக்காத தண்ணீருக்கும் யூனிட் ஓடும். இரண்டு மாத ரீடிங் 500-ஐ ஒட்டிப் போகிற வீடுகளில் இது விளையாட்டில்லை. அந்தக் கோட்டைத் தாண்டினால் ஸ்லாப் கணக்கே மாறிவிடும். அதுபோக, தெர்மோஸ்டாட்டும் ஒரு நாள் ஒட்டிக்கொள்ளும் பொருள்தான். எங்களுடையது ஒட்டிக்கொண்டது. மேலே இருக்கும் வால்வு புஸ்ஸென்று ஆவி விட்டதைக் கேட்ட பிறகுதான் அம்மா "எப்படியாச்சும் தானா அணையற மாதிரி ஒண்ணு பாரு கண்ணு" என்றார். தெர்மோஸ்டாட்டை மாற்றியாயிற்று. அதற்கு மேல் ஒரு காவல் என்றுதான் டைமர். தெர்மோஸ்டாட்டுக்குப் பதிலாக டைமர் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

எவ்வளவு நேரம் வேண்டும் என்பது சின்னக் கணக்கு. 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60-க்கு ஏற்ற சுமார் 0.6 யூனிட் போதும். 2000 வாட் கீசர் அதை இருபது நிமிடத்துக்குள் முடித்துவிடும். ஆக அரை மணி என்பது தாராளம். நான் தேடியது அவ்வளவுதான். கையால் போடுகிறேன், அரை மணியில் அதுவாக அணையட்டும்.

தேடிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், அந்த எளிய பொருள் கடையில் இருக்காது. டவுன்ஹால் பக்கம் எலக்ட்ரிக்கல் கடைகளில் "டைமர்" என்று கேட்டால், போர்டு லைட்டுக்கும் தெருவிளக்குக்கும் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுகிற சமாச்சாரத்தை எடுத்து வைப்பார்கள். அதற்குக் கான்டாக்டர் என்கிற பெரிய மின்சுவிட்ச் வேண்டும், பெட்டி வேண்டும், ஆள் வேண்டும். அப்புறம் அந்த வட்ட டயல் பிளக். சுற்றிலும் 96 குச்சி, குச்சிக்குப் பதினைந்து நிமிடம். எத்தனை மணிக்குப் போட வேண்டுமோ அந்தக் குச்சிகளை அழுத்திவிட்டால் தினமும் அதே நேரத்துக்குப் போட்டு, அதே நேரத்துக்கு அணைக்கும். பார்க்க அழகு, கொர்ரென்று ஒரு மெல்லிய சத்தம், விலையும் குறைவு. ஆசையாக வாங்கி வந்தேன்.

அந்த டயலைச் சுற்றுகிற குட்டி மோட்டார் ஓடுவது நம் ஈபி கரண்டில். கரண்ட் போனால் டயல் நின்றுவிடும். வந்தால் நின்ற இடத்திலிருந்து சுற்றும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 முதல் மாலை 5 வரை மின்தடை என்று பேப்பரில் வருமே, அந்த நாளோடு டயல் எட்டு மணி நேரம் பின்தங்கிவிட்டது. மறுநாள் காலை 5 மணிக்கு வர வேண்டிய சுடுதண்ணி மதியம் 1 மணிக்கு வந்தது. கரண்ட் போகாத ஊருக்காகச் செய்த பொருள் அது. இப்போது வாசலில் சீரியல் பல்புக்கு மாட்டியிருக்கிறேன், அங்கே யாரும் அதனிடம் நேரம் பார்ப்பதில்லை.

அடுத்தது வைஃபை பிளக். 16 ஆம்ப், ஆப், கவுண்ட்டவுன், எவ்வளவு யூனிட் ஓடியது என்கிற கணக்கு, எல்லாம் உண்டு. கரண்ட் போய் வந்தால் அணைந்தே இருக்கட்டுமா, பழைய நிலைக்குத் திரும்பட்டுமா என்று அதிலேயே தேர்ந்துகொள்ளலாம், அது பெரிய விஷயம். ஆனால் ஆப் என் போனில் இருந்தது, குளிக்கிறவர் அப்பா. நான் வெளியூர் போயிருந்த ஒரு காலையில் ஐந்து மணிக்கு போன். பதறி எடுத்தால், "டேய், ஹீட்டரைப் போடு." அன்றோடு அதற்கும் விடை கொடுத்தேன். பிளக்கின் மேலேயே ஒரு பட்டன் இருந்தது, அதை அமுக்கினாலே போதும். அப்பா அதைத் தொடவே மாட்டேன் என்று விட்டார்.

ஆன்லைனில் கவுண்ட்டவுன் டைமர் என்று தேடினால் நிறைய வரும். பாதிக்கு மேல் நம் ஊர்ப் பின்னே கிடையாது. மீதியில் பலவற்றில் மேலே 16 ஆம்ப் என்று எழுதியிருக்கும், கீழே பார்த்தால் 6 ஆம்பின் ஒல்லிப் பின் இருக்கும். கீசரின் தடித்த பிளக் அதில் நுழையாது. உடனே ஒரு கன்வெர்ட்டர் பிளக் வாங்கி மாட்டுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். 2000 வாட் கீசர் இழுப்பது கிட்டத்தட்ட 9 ஆம்ப். 6 ஆம்ப் சாக்கெட்டில் அதை ஓடவிட்டால் முதலில் உருகுவது கன்வெர்ட்டர், அப்புறம் சாக்கெட். எழுத்தை நம்பாதீர்கள், பின்னின் தடிமனைப் பாருங்கள்.

கடைசியில் கிடைத்ததுதான் இப்போது இருக்கும் பெட்டி. பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே பெட்டி வேறு வேறு பேர் ஒட்டி விற்பதைப் பார்த்தேன். உள்ளங்கை அகலம், பின்னால் தடித்த மூன்று பின், முன்னால் 16 ஆம்ப் சாக்கெட், அதன் கீழே வரிசையாகப் பட்டன்: 15 நிமிடம், 30, ஒரு மணி, இரண்டு மணி, நாலு மணி. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பச்சைப் புள்ளி விளக்கு. 30-ஐ அமுக்கினால் உள்ளே கரண்ட்டைப் போட்டு அணைக்கிற ரிலே 'டக்' என்று விழும், 30-இன் விளக்கு எரியும். பாதி நேரம் போனதும் அந்த விளக்கு அணைந்து 15-க்கு இறங்கும். அப்புறம் அதுவும் அணைந்து இன்னொரு 'டக்'. அவ்வளவே வேலை. வைஃபை கிடையாது, கடிகாரம் கிடையாது, தமிழோ ஆங்கிலமோ படிக்க வேண்டியதில்லை. விளக்கு எந்தப் பட்டனில் நிற்கிறது என்று பார்த்தே இன்னும் எவ்வளவு நேரம் என்று அம்மா சொல்லிவிடுவார். 30 என்ற எழுத்து இப்போது தேய்ந்து போய்விட்டது, மற்ற நான்கும் புதுசு மாதிரி இருக்கின்றன. அதைவிடப் பெரிய சான்றிதழ் ஒரு பொருளுக்கு வேண்டியதில்லை. கோடை முழுக்க நான் அதைப் புகழாத நாளில்லை.

மழை ஆரம்பித்தது.

எங்கள் வீட்டில் லைட், ஃபேன் எல்லாம் இன்வெர்ட்டரில் இருக்கின்றன. கீசர் நேரடி ஈபி லைனில். விடியற்காலை மழையில் எங்கோ ஒரு மரக்கிளை லைனில் உரசும், கரண்ட் போய் இரண்டு செகண்டில் வந்துவிடும். ஃபேன் கூட வேகம் குறைந்திருக்காது. கரண்ட் போய் வந்தது வீட்டில் யாருக்குமே தெரியாது, இந்தப் பெட்டிக்கு மட்டும் தெரியும். தெரிந்ததும் அது செய்கிற முதல் காரியம், எல்லாவற்றையும் மறந்துவிடுவது. விளக்கு அணைந்துவிடும், ரிலே திறந்துவிடும், கரண்ட் திரும்பி வந்தாலும் 'எனக்கென்ன' என்று உட்கார்ந்திருக்கும். அப்பா 5 மணிக்குப் பட்டனை அமுக்கிவிட்டுப் பேப்பர் படிக்கப் போவார். 5 மணி 5 நிமிடத்துக்கு ஒரு சிமிட்டல். ஐந்தே முக்காலுக்குக் குழாயைத் திறந்தால் பச்சைத்தண்ணி. சுடுதண்ணி எந்த மாதத்தில் கட்டாயம் வேண்டுமோ அந்த மாதத்தில்தான் கரண்ட்டும் சிமிட்டும், இதுதான் வயிற்றெரிச்சல். "உன்ற பெட்டி இன்னைக்கும் ஏமாத்திப்போட்டுது" என்று அம்மா சமையலறையிலிருந்து சொல்வார். அப்பா துண்டோடு நின்றுகொண்டு, "இதுக்கு அந்த விறகு பாய்லரே தேவலை" என்பார்.

ஒரு பட்டன் செல் வைத்திருந்தால் போதும். வாராந்திர டிஜிட்டல் டைமர்களில் கடிகாரத்தைக் காப்பாற்ற உள்ளே ஒரு குட்டி பேட்டரி வைக்கத்தானே செய்கிறார்கள்? ஆயிரத்துச் சொச்சம் வாங்குகிற பெட்டியில் அதை விட்டுவிட்டு, உறையில் 'ஸ்மார்ட்' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். வாயில் வருவதை எழுதினால் நன்றாக இருக்காது.

நியாயமாகவும் பேச வேண்டும். அம்மா அயர்ன் பாக்ஸையும் சில நாள் இந்தப் பெட்டியில்தான் மாட்டுவார். சட்டை தேய்க்கும்போது கரண்ட் போகிறது, அயர்ன் பாக்ஸைத் துணி மேலேயே வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள் என்று வையுங்கள். கரண்ட் வரும்போது டைமரும் பழைய ஞாபகத்தில் ஓட ஆரம்பித்தால் என்ன ஆகும்? ஹீட்டர் ராடு போட்டுத் தண்ணீர் வைக்கிற வீடுகளில் இன்னும் மோசம். கரண்ட் போனதும் வாளியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், ராடு வெறுமனே தொங்கிக்கொண்டிருக்கும். அந்த இரண்டுக்கும் இந்தப் பெட்டி செய்வதே சரி. போனால் போனதுதான், மறுபடி மனிதக் கை பட்டால்தான் உயிர் வர வேண்டும். இதைச் செய்தவன் அதை யோசித்துத்தான் செய்திருப்பான் என்று மதியம் போல் தோன்றும். காலை ஆறு மணிக்கு அப்படித் தோன்றாது. ஒரு நிமிடத்துக்குள் வந்துவிட்டால் தொடரு, அதற்கு மேல் போனால் மறந்துவிடு என்று வைத்திருக்கலாமே? ஒரு நிமிடத்தில் அயர்ன் பாக்ஸை விட்டுவிட்டு யார் எங்கே போய்விடப் போகிறார்கள்?

இன்னொரு தொல்லையும் உண்டு, அதைப் பெட்டியின் தலையில் மட்டும் போட முடியாது. நம் ஊர் போர்டில் சுவிட்சும் சாக்கெட்டும் ஒட்டியபடி இருக்கும். பெட்டியை மாட்டினால் அதன் தோள் சுவிட்சின் பாதியை மறைத்துக்கொள்ளும். சுண்டுவிரல் நுனியை விட்டு அமுக்க வேண்டியிருந்தது. எலக்ட்ரீஷியன் வந்து பெரிய பிளேட் ஒன்று மாற்றி, சுவிட்சுக்கும் சாக்கெட்டுக்கும் நடுவில் ஒரு டம்மி போட்டுத் தள்ளிவைத்த பிறகுதான் நிம்மதி. அவர் பழைய சாக்கெட்டைக் கழற்றிக் காட்டினார். பெட்டியின் எடையும் கீசர் பிளக்கின் எடையும் சேர்ந்து இழுத்ததில் உள்ளே ஒரு பக்கப் பித்தளை விரிந்து லூசாகியிருந்தது. பெட்டியின் ஒரு பின்னில், வேர்ப் பக்கம், டீக்கறை நிறத்தில் ஒரு வளையம். லூசான இடம் சூடாகும், சூடானால் இன்னும் லூசாகும். இப்போது மாதம் ஒரு தடவை, கீசர் ஓடி முடித்ததும் சுவிட்சை அணைத்துவிட்டுப் பெட்டியைத் தொட்டுப் பார்க்கிறேன். வெதுவெதுப்பு என்றால் சரி. கையை எடுக்க வைத்தால் சாக்கெட் மாற்ற வேண்டியதுதான். 3000 வாட் கீசர் வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். 13 ஆம்ப் இழுக்கிற பொருளுக்கு நடுவில் இன்னொரு தொங்கல் எதற்கு?

நண்பனின் கேள்விக்கு ஒரு வால் இருந்தது: "மோட்டாருக்கும் இதையே போடலாம்ல?" கூடாது. பெட்டியின் பின்னால் பொடி எழுத்தில் 16(2) என்று இருக்கிறது. 16 என்பது கீசர், அயர்ன் பாக்ஸ் மாதிரி வெறும் சூடேற்றும் பொருளுக்கு. அடைப்புக்குறிக்குள் இருக்கும் 2-தான் மோட்டாருக்கு. கிரைண்டர், ஃபிரிட்ஜ், தண்ணீர் மோட்டார் எல்லாம் கிளம்பும் நொடியில் ஓடும் கரண்ட்டைப் போலப் பல மடங்கு இழுக்கும். அப்போது பறக்கும் தீப்பொறியில் ரிலேயின் முனைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் நேரம் முடிந்து விளக்கு அணைந்திருக்கும், மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும், தொட்டி வழிந்து மாடி நனையும். மோட்டாருக்குக் கான்டாக்டரோடு தனி டைமர் போடு, கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டினாரே, அதுதான் அதற்கு.

மாப்ளே, உனக்கான பதில் வேண்டாம் என்பதுதான். உங்கள் ஊரில் மழைக்கு எங்கள் ஊரைவிட அதிகமாகவே கரண்ட் சிமிட்டும், உன் மாமனார் என் அப்பா மாதிரி பாய்லர் பேச்சோடு விடுகிறவரும் இல்லை. புதுக் கீசர் வாங்கும் யோசனை இருந்தால் டைமர் உள்ளேயே வைத்து வருகிறதே, அதைப் பார். பிளக் பெட்டிதான் வேண்டும் என்று அடம் பிடித்தால், தடித்த பின், 30 நிமிடப் பட்டன், கரண்ட் சிமிட்டினால் என்ன செய்யும், இந்த மூன்றையும் கடைக்காரர் வாயாலேயே கேட்டு வாங்கு. மூன்றாவதுக்கு அவர் "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்" என்பார். ஆகும். மாடி பாத்ரூமுக்கு நான் இதே பெட்டியில் இன்னொன்று ஆர்டர் போட்டிருக்கிறேன், நாளைக்கு வருகிறது. விலை அவ்வளவு இறங்கியிருந்தால் நானும் என்னதான் செய்வது.