நூறு ரூபாய் ஹெல்மெட் ஃபைனை ஆறு வருடம் கழித்துக் கட்டியவளின் விமர்சனம்

போரூர் பக்கம் தையல் கடை வைத்திருக்கிறேன். வீட்டுக்கும் கடைக்கும் 12 வருடமாக ஓடிய ஸ்கூட்டி பெப் ஒன்றை இந்த வருடம் விற்கலாம் என்று முடிவு செய்தேன். பக்கத்துத் தெருப் பெண் காலேஜுக்குப் போக எடுத்துக்கொள்கிறேன் என்றாள். 14 ஆயிரத்துக்குப் பேசி முடித்தோம். அவளுடைய அப்பா இரண்டாயிரம் கையில் கொடுத்துவிட்டு, "பேர் மாத்தினதும் மீதியத் தரேம்மா" என்றார். நியாயம்தானே.

பெயர் மாற்ற விண்ணப்பம் பாதியிலேயே நின்றது. வண்டி மேல் கட்டாத சலான் ஒன்று இருக்கிறதாம், 2019 டிசம்பரில் போட்டது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஹெல்மெட் இல்லாமல் தெருமுனைக் கடைக்குக்கூடப் போகாதவள் நான். அப்புறம்தான் தம்பி ஞாபகம் வந்தது. அந்த வருடம் இங்கே தங்கி வேலை தேடிக்கொண்டிருந்தான். என் வண்டிதான் அவனுக்கும். போன் போட்டேன். "ஆமாக்கா, வடபழனி சிக்னல்ல பிடிச்சாங்க. சீட்டு குடுத்தாங்க. சட்டையோட சேர்த்துத் துவைச்சிட்டேன்" என்றான், ஏதோ நேற்று நடந்தது மாதிரி.

அவனை மட்டும் குறை சொல்ல முடியாது. சென்னையில் டிராஃபிக் போலீஸ் 2018 முதல் ஃபைனைக் கையில் ரொக்கமாக வாங்குவதில்லை. கார்டு இருந்தால் அங்கேயே தேய்க்கலாம், இல்லாவிட்டால் சீட்டை வாங்கிக்கொண்டு பிறகு ஆன்லைனில் கட்டலாம். வேலை தேடும் பையனிடம் ஏது கார்டு? பிறகு கட்டலாம் என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம் என்று தெரியும். நானும் வருடா வருடம் இன்சூரன்ஸ் புதுப்பித்தேன், புகைச் சான்றிதழ் எடுத்தேன். ஒருவரும் இதைப் பற்றிக் கேட்கவில்லை. பழைய ஃபைன் இப்படித்தான், பெயர் மாற்றம் மாதிரி வேலைக்கு ஆர்.டி.ஓ. பக்கம் போகும்வரை சத்தமே போடாது.

இதைக் கட்டி முடிக்க மூன்று வாரம் ஆனது. மூன்று வழிகளில் முயன்றேன். ஒவ்வொன்றும் எப்படி என்று எழுதுகிறேன்.

முதலில் புரோக்கர். ஆர்.டி.ஓ. ஆபீஸ் எதிரில் டிரைவிங் ஸ்கூல் போர்டு மாட்டி, உள்ளே ஒரு கம்ப்யூட்டரும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியும் போட்டிருப்பார்களே, அப்படி ஒரு கடை. பையன் வண்டி நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "கோர்ட்டுக்குப் போயிடுச்சுக்கா. 1,800 ஆகும்" என்றான். ஹெல்மெட்டுக்கு ஆயிரம், கோர்ட் செலவு ஐந்நூறு, அவனுக்கு முந்நூறு. 2019இல் ஹெல்மெட் ஃபைன் நூறுதானே என்றேன். "இப்ப ரேட் மாறிடுச்சுக்கா, எல்லாத்துக்கும் புது ரேட்தான்" என்றான். ரசீது கேட்டால் வாட்ஸ்அப்பில் வரும் என்றான். எப்போது வரும் என்று அவனுக்கே தெரியவில்லை.

ரேட் மாறியது உண்மைதான். மோட்டார் வாகனச் சட்டத்தை 2019இல் திருத்தினார்கள். தமிழ்நாட்டில் அந்தப் புது ஃபைன்கள் 2022 அக்டோபரில்தான் அமலுக்கு வந்தன. ஹெல்மெட் நூறு ஆயிரமானது அப்போதுதான். ஆனால் தம்பி போலீஸில் மாட்டிக்கொண்டது அதற்கு மூன்று வருடம் முன்னால். என்னிடம் பிளவுஸ் தைக்கும் வக்கீல் மேடம் ஒருவர் இருக்கிறார். அளவு எடுக்கும்போது இதைச் சொன்னேன். கையைத் தூக்கி நின்றபடியே சிரித்தார். "குத்தம் நடந்த அன்னிக்கு என்ன சட்டமோ அதுக்கு மேல தண்டனை குடுக்க முடியாது. அரசியலமைப்புச் சட்டம் 20ஆவது பிரிவுலயே இருக்கு. ஆயிரம்னு யார் சொன்னாலும் திரும்பி வந்துடுங்க" என்றார்.

அவரே இன்னொன்றும் சொன்னார். ஃபைன் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றத்துக்கு ஆறு மாதத்துக்குள் கோர்ட் வழக்கை எடுத்திருக்க வேண்டும் என்று சட்டத்தில் ஒரு காலவரம்பு உண்டு. நம் வழக்கு எப்போது கோர்ட்டுக்குப் போனது என்று பார்த்து, தாமதம் என்றால் வாதாடலாம். வாதாடலாம்தான். நூறு ரூபாய்க்கு ஒரு நாள் கடையைப் பூட்டி, ஆட்டோவுக்கு முந்நூறு கொடுத்துப் போய் வாதாட வேண்டும். பத்தாயிரம் ரூபாய் சலான் என்றால் யோசித்திருப்பேன். எனக்கு மிச்சப் பணம் வந்தால் போதும் என்று இருந்தது.

இரண்டாவது, ஒரு தனியார் ஆப். வண்டி நம்பர் போட்டால் சலான், இன்சூரன்ஸ் எல்லாம் காட்டும் என்று விளம்பரம். போட்டேன். "நிலுவை எதுவும் இல்லை" என்று பச்சை டிக் வந்தது. அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அந்தப் பெண்ணின் அப்பாவுக்கு அனுப்பியும்விட்டேன். மறுபடி விண்ணப்பித்தால் மறுபடி அதே இடத்தில் நின்றது. கோர்ட்டுக்குப் போன சலானை அந்த ஆப் காட்டவில்லை, அவ்வளவுதான். கூடவே கார் லோன் வேண்டுமா என்று தினம் ஒரு போன் வர ஆரம்பித்தது. இரண்டு சக்கரத்தையே விற்க முடியாமல் நிற்கிறேன்.

அந்த வாரத்திலேயே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. என் பெயருக்கு சலான் இருக்கிறது, விவரம் பார்க்க இதை இறக்கிக்கொள்ளவும் என்று ஒரு ஏ.பி.கே. ஃபைல், அதாவது தொட்டால் போனில் ஆப்பாக ஏறிக்கொள்ளும் ஃபைல். சாதாரண நாளில் கண்டுகொண்டிருக்க மாட்டேன். தலை முழுக்க சலானாக இருந்ததால் விரல் அதன் மேலேயே போய்விட்டது. கடையில் காஜா எடுக்கும் பெண்தான், "அக்கா, எங்க மாமாவுக்கு இப்படித்தான் பேங்க்ல இருந்த காசு போச்சு" என்று போனைப் பிடுங்கினாள். ஃபைன் கட்ட எந்த ஃபைலையும் இறக்க வேண்டியதில்லை. அரசுத் தளத்தின் முகவரி ஜி.ஓ.வி. டாட் ஐ.என். என்று முடியும். அதை நாமே தட்டிப் போக வேண்டும், யாரோ அனுப்பிய லிங்க் வழியாக இல்லை.

மூன்றாவது, அதுவும் கடைசியில்தான், அரசின் தளங்கள். முதலிலேயே இங்கே வந்திருக்க வேண்டும்.

மத்திய அரசின் போக்குவரத்துத் தளமான பரிவாகனின் இ-சலான் பக்கத்தில் சலான் நம்பரை வைத்தும் தேடலாம், வண்டி நம்பரை வைத்தும் தேடலாம், லைசென்ஸ் நம்பரை வைத்தும் தேடலாம். சலான் நம்பர் துணியோடு போய்விட்டதால் எனக்கு வண்டி நம்பர்தான் கதி. அதற்கு சேசிஸ் நம்பரிலோ இன்ஜின் நம்பரிலோ கடைசி ஐந்து எழுத்து வேண்டும். என் ஆர்.சி. லேமினேஷனுக்குள் மங்கிப்போய், 3 எது 8 எது என்று தெரியவில்லை. மெக்கானிக்கிடம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். அவர் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, செல்லோ டேப் ஒட்டி, மேலே பென்சிலால் தேய்த்துக் காட்டினார். நாங்கள் சின்ன வயதில் நாணயத்தின் மேல் பேப்பர் வைத்துத் தேய்ப்போமே, அதே மாதிரி ஒவ்வொரு எழுத்தாக வெள்ளையாக எழும்பி வந்தது. 3தான். ஐம்பது ரூபாய் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து பார்த்தால், அதே நம்பர் இன்சூரன்ஸ் பேப்பரில் பளிச்சென்று அச்சாகி இருக்கிறது. நீங்களாவது முதலில் இன்சூரன்ஸ் பேப்பரைப் பாருங்கள்.

நம்பரைப் போட்டதும் சலான் வந்தது. தேதி, குற்றம், நூறு ரூபாய், எல்லாம் சரி. ஆனால் அங்கே பணம் கட்டும் பட்டன் இல்லை. நான் நெட் ஸ்லோ என்று நினைத்து நாலு முறை ரெஃப்ரெஷ் செய்தேன். அப்புறம்தான் அந்த வரிசையின் ஓரத்தில் விர்ச்சுவல் கோர்ட்டுக்கு அனுப்பப்பட்டது என்று இருந்ததைப் பார்த்தேன். மூன்று வாரம் அலைந்ததற்கான பதில் அந்த ஒரு கட்டத்தில்தான் இருந்தது. போலீஸிடமே நிற்கும் சலான் என்றால் இங்கேயே கட்டலாம். விர்ச்சுவல் கோர்ட்டுக்குப் போயிருந்தால் அதற்குத் தனித் தளம், விகோர்ட்ஸ். நிஜக் கோர்ட்டுக்கே போயிருந்தால் ஆளாகப் போக வேண்டியதுதான். புரோக்கர் "கோர்ட்" என்று சொல்லிப் பயமுறுத்தியபோது நான் கூண்டு, டவாலி என்றெல்லாம் கற்பனை செய்துவிட்டேன். இது போனிலேயே திறக்கிற கோர்ட். 2019இல் டெல்லியில் டிராஃபிக் வழக்குகளுக்காக ஆரம்பித்து, பிறகு மற்ற மாநிலங்களுக்கும் வந்தது.

அதில் மாநிலத்தைத் தேர்ந்தெடுத்து, மொபைல் நம்பரை வைத்துத் தேடினேன். ஒன்றும் இல்லை என்றது. ஏன் என்றால், அன்றைக்கு சலான் போட்டவர் வண்டியில் இருந்தவனிடம்தானே நம்பர் கேட்டிருப்பார்! வண்டி நம்பரை வைத்துத் தேடியதும் வழக்கு வந்துவிட்டது. முன்மொழியப்பட்ட அபராதம் நூறு ரூபாய். கீழே இரண்டே வழி: அந்த அபராதத்தைக் கட்ட விரும்புகிறேன், அல்லது வழக்கை எதிர்த்து வாதாட விரும்புகிறேன். இரண்டாவதைத் தெரியாமல் தொட்டுவிடாதீர்கள், வழக்கு நிஜக் கோர்ட்டுக்குக் கிளம்பிவிடும். வண்டி உங்களுடையதே இல்லை, நம்பர் மாறிப் போட்டிருக்கிறார்கள் என்கிற மாதிரி விஷயத்துக்குத்தான் அது.

கட்டுகிறேன் என்று அழுத்தினால் ஓ.டி.பி. தம்பி நம்பருக்குப் போகிறது. அவன் இப்போது ஓசூரில் கம்பெனி வேலை, நைட் ஷிஃப்ட். பகல் 11 மணிக்கு அவனை எழுப்புவதும் கிணற்றில் கல்லைப் போடுவதும் ஒன்று. முதல் ஓ.டி.பி. வந்தபோது அவன் போனை எடுக்கவில்லை. இரண்டாவதுக்கு எடுத்தான், தூக்கக் கலக்கத்தில் ஏதோ பேங்க் ஓ.டி.பி.யைப் படித்தான். மூன்றாவதுக்கு அவன் மனைவியிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். ஆறு எண்ணையும் அழகாக நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். முதலிலேயே அவளிடம் கேட்டிருக்கலாம்.

பணம் கட்டும்போது கடைசியாக ஒரு சோதனை. என் அக்கவுண்டில் நூறு ரூபாய் கழிந்துவிட்டது, திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்து அணைந்துவிட்டது. ரசீது இல்லை. இது என் பேங்க் செய்த வேலை என்றுதான் நினைக்கிறேன், கரண்ட் பில் கட்டும்போதும் இதே மாதிரி செய்திருக்கிறது. உடனே இன்னொரு நூறு கட்டக் கை துறுதுறுத்தது. வக்கீல் மேடம் வேண்டாம் என்றார். கழிந்த மெசேஜில் இருந்த பரிவர்த்தனை எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டு காத்திருந்தேன். மூன்றாம் நாள் காலை தளத்தில் வழக்கு முடிந்தது என்று மாறியிருந்தது, ரசீதும் இறங்கியது. நூறு ரூபாய்தான். அதற்கு மேல் கோர்ட் செலவு என்று ஒரு பைசா இல்லை.

இந்த அரசுத் தளங்களுக்கு மார்க் போடச் சொன்னால் ஐந்துக்கு மூன்றரை போடுவேன். படத்தில் கோணலாகக் காட்டித் தட்டச் சொல்லும் கேப்சா எழுத்துகள் எனக்கு ஒவ்வொரு முறையும் இரண்டாவது தடவைதான் சரியாக வந்தன, அதற்கு என் கண்ணாடியும் காரணமாக இருக்கலாம். ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்குப் போக வேண்டும் என்பதை இன்னும் பெரிய எழுத்தில் சொல்லியிருக்கலாம். மற்றபடி கேட்டது நூறு, வாங்கியது நூறு, ரசீதும் உண்டு. ஆப்புக்கு ஒன்று. புரோக்கருக்கும் ஒன்று போடலாம், கோர்ட்டுக்குப் போய்விட்டது என்ற உண்மையை முதலில் சொன்னவன் அவன்தான். அதை 1,800க்கு விற்கப் பார்த்தான் என்பதுதான்.

ரசீது வந்ததும் பெயர் மாற்றம் தடையில்லாமல் நகர்ந்தது. படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டேன். புது ஆர்.சி. இப்போதெல்லாம் தபாலில்தான் வருகிறது, அதனால் முகவரியை ஒரு முறைக்கு இரண்டு முறை சரிபார்க்கச் சொன்னேன். அவர்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த அன்றே மீதி 12 ஆயிரத்தையும் அந்தப் பெண்ணின் அப்பா கொண்டுவந்து கொடுத்துவிட்டார். ரசீதை இரண்டு பிரிண்ட் எடுத்து ஒன்றை அவர்களிடம் கொடுத்திருக்கிறேன், என்றாவது யாராவது கேட்டால் காட்டட்டும். கூடவே என் ஹெல்மெட்டையும் கொடுத்தேன். தம்பி அந்த நூறு ரூபாயை இன்னும் அனுப்பவில்லை.