உடனே ஆன்டிபயாடிக்கா, கொஞ்சம் பொறுக்கலாமா?

சளி, தொண்டை வலி என்று போனதுமே ஆன்டிபயாடிக் எழுதும் டாக்டர் ஒரு வகை. "வைரஸ்தான், பொறுத்துப் பாருங்கள்" என்று பாராசிட்டமாலோடு அனுப்புபவர் இன்னொரு வகை. என் ஓட்டு இரண்டாமவருக்கு. வைரஸ் மேல் ஆன்டிபயாடிக் வேலையே செய்யாது, பெரும்பாலான தொண்டை வலி ஒரு வாரத்தில் தானாகவே சரியாகிவிடும், ஆனால் பெயர் என்னவோ மாத்திரைக்குப் போய்விடுகிறது (கொடுக்காத டாக்டரைத்தான் நாம் குறை சொல்வோம்). மிஞ்சுவது வயிற்றுப்போக்கு மாதிரி பக்கவிளைவும், மருந்துக்கு அசராத கிருமிகளும்.

அதற்காகச் சும்மா அனுப்புவதும் தப்பு. மூச்சு வாங்கினால், எச்சில்கூட விழுங்க முடியாவிட்டால் உடனே வரச் சொல்ல வேண்டும். தொண்டையில் தொற்றும் ஸ்ட்ரெப் என்ற பாக்டீரியா என்று சந்தேகமா, சோதித்துவிட்டு எழுதட்டும். அலர்ஜி இல்லையென்றால் பழைய பென்சிலினே போதும். நிமோனியா, செப்சிஸ் (தொற்றால் உடல் உறுப்புகளே பாதிக்கப்படும் நிலை) என்றால் கதை வேறு, அங்கே தாமதம்தான் ஆபத்து.