ஹிரன்குரிக் கொடி: டெல்லிக் காய்கறித் தோட்டத்தில் எது பலிக்கிறது, எது பலிப்பதில்லை

டெல்லியில் வீட்டையொட்டிய துண்டு நிலத்தில் காய்கறி போடுகிறவர்களுக்கு நவம்பர் பிறந்ததும் இந்தக் கொடி தானாக அறிமுகமாகிவிடும். அம்பு முனை போன்ற இலை, இரண்டு சென்டிமீட்டர் அகலத்தில் வெள்ளை அல்லது இளஞ்சிவப்புப் புனல் பூ, பட்டாணியையும் வெங்காயத்தையும் சுற்றிக்கொண்டு ஏறும் மெல்லிய தண்டு. மாலிகள், அதாவது இங்குள்ள தோட்டக்காரர்கள், ஹிரன்குரி என்பார்கள். இலை மான் குளம்பு போல இருப்பதால் அந்தப் பெயர். தாவரவியலில் கன்வால்வுலஸ் ஆர்வென்சிஸ். வட இந்தியக் கோதுமை வயல்களின் பழைய களை இது. நம் ஊரிலிருந்து வந்தவர்கள் பூவைப் பார்த்து ஏதோ அழகுக் கொடி என்று ஒரு பருவம் விட்டுவைப்பதும் நடக்கிறது. அந்த ஒரு பருவத்துக்கு வட்டி கட்ட வருடக்கணக்கில் ஆகும்.

இதற்கு எதிராக மக்கள் செய்துபார்க்கும் எல்லா வழிகளையும் மூன்று நான்கு பருவம் என்ற அளவில் எடைபோட்டால் ஒரு விஷயம்தான் மிஞ்சுகிறது. ஹிரன்குரி ஒரு களையல்ல, இரண்டு களை. ஒன்று வேர், இன்னொன்று விதை. வேரைக் கொல்லும் வழி விதையைத் தொடாது, விதையைக் கொல்லும் வழி வேரைத் தொடாது. பணமும் உழைப்பும் வீணாவது பெரும்பாலும் இதைக் குழப்பிக்கொள்வதால்தான்.

எது எதிரில் நிற்கிறது என்று கண்டுபிடிப்பது எளிது. விதையிலிருந்து வந்த நாற்றுக்கு முதலில் விரியும் இரண்டு வித்திலைகள் இருக்கும், கிட்டத்தட்டச் சதுரம், நுனியில் சின்னப் பள்ளம். (வித்திலை ஆங்கில ‘வி’ எழுத்து போல ஆழமாகப் பிளந்திருந்தால் அது ஐப்போமியா இனக் கொடி, வேறு கதை.) வேரிலிருந்து வரும் தளிருக்கு வித்திலையே இருக்காது, நேராக அம்பு இலையோடு, சற்றுத் தடித்துச் சிவந்த தண்டோடு மண்ணைக் கிழித்து வரும். நாற்றாக இருந்தால் குர்பியால் (களை எடுக்கும் சிறு கைக்கருவி) ஒரு சுரண்டு போதும். ஆனால் அந்தச் சலுகை முளைத்து மூன்று நான்கு வாரம் வரைதான். அதற்குப் பிறகு வேரில் மொட்டு கட்டிவிடும். மேலே வெட்டினால் மறுபடி துளிர்க்கும்.

வேரைத் தோண்டி எடுத்துவிடலாம் என்பதுதான் முதலில் எல்லோருக்கும் தோன்றுவது. மூலவேர் இரண்டு மூன்று மீட்டர் வரை சாதாரணமாக இறங்கும், அதற்கும் கீழே போவதும் உண்டு. பக்கவாட்டு வேர்கள் மேல் அறுபது சென்டிமீட்டருக்குள் வெள்ளைக் கயிறு போல ஓடும். தொட்டால் படக்கென்று உடையும். ஐந்து சென்டிமீட்டர் துண்டு கிடந்தாலே புதுச் செடி. அதனால் மண்வெட்டியால் கொத்துவது, அதைவிட மோசமாக டில்லர் என்ற உழவு இயந்திரம் ஓட்டுவது, நாற்று விடுவதற்குச் சமம். தோண்டியே ஆகவேண்டுமென்றால் தண்ணீர் விட்டு இரண்டு நாள் கழித்து, நான்கு முள் உள்ள தோட்ட முட்கரண்டியால் மண்ணை நெம்பி, வேரை இழுக்காமல் உருவ வேண்டும். யமுனைப் பக்கத்து வண்டல் மண்ணில் இது நன்றாக வரும்; ரிட்ஜ் என்னும் பாறைக் குன்றுப் பக்கத்துக் கல் மண்ணில் முயற்சி செய்யாதீர்கள். இரண்டு மூன்று சதுர மீட்டர் அளவுள்ள புது ஆக்கிரமிப்புக்கு மட்டும் இது சரி.

உண்மையில் வேரைச் சாகடிப்பது பட்டினி. தளிர் மேலே வரும்போது வேரில் சேர்த்துவைத்த மாவுச்சத்தைத் தின்றுதான் வருகிறது. இலைகள் விரிந்த பிறகே கடனைத் திருப்பிக் கட்டத் தொடங்கும். ஐந்து இலை வருவதற்குள், மண்ணுக்குக் கீழே ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டரில் குர்பியைச் செருகி வெட்டினால் ஒவ்வொரு முறையும் வேர் நஷ்டத்தில்தான் முடியும். டெல்லிக் கணக்கில் டிசம்பர் இறுதியிலும் ஜனவரிப் பனிமூட்டத்திலும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை. பிப்ரவரி, மார்ச்சில் வெயில் ஏறியதும் பத்துப் பதினான்கு நாளுக்கு ஒருமுறை. ஹோலி விடுமுறையில் ஊருக்குப் போய் மூன்று வாரம் தோட்டத்தைப் பார்க்காமல் விடுவதுதான் இந்த முறை தோற்கும் வழக்கமான இடம்: அதற்குள் பூத்து, வேரும் நிரம்பி, விதையும் கட்டத் தொடங்கியிருக்கும். ஒரு காயில் நான்கு விதை வரை.

முதல் குளிர்காலத்தில் வெட்டிய இடத்தில் ஒன்றுக்கு மூன்றாகத் துளிர்க்கும். ‘வெட்ட வெட்ட அதிகமாகிறது’ என்று கைவிடுகிறவர்கள் இந்தக் கட்டத்தில்தான் கைவிடுகிறார்கள். மொட்டுகள் விழிப்பது நல்லதுதான், ஒவ்வொன்றும் வேரின் சேமிப்பிலிருந்துதான் எடுக்கிறது. அடுத்த குளிர்காலத்தில் தளிர் மெலியும், இலை சிறுக்கும். ஆள் மாறாமல், தேதி தவறாமல் செய்தால் மூன்றிலிருந்து ஐந்து வருடம். அதைவிடச் சீக்கிரம் முடித்துத் தருகிறேன் என்பவரை நம்ப வேண்டாம்.

இப்போது பிளாஸ்டிக் தாள். கண்ணாடி போன்ற தாளும் கறுப்புத் தாளும் ஒரே வேலை செய்வதாக நினைத்து எது கிடைக்கிறதோ அதை விரிக்கிறார்கள். கண்ணாடித் தாள் விதைக்கு. மே, ஜூனில் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டி நிற்கும் டெல்லி இதற்குத் தோதான ஊர். பாத்தியைச் சமன்செய்து, முப்பது சென்டிமீட்டர் ஆழம் வரை நனைத்து, நூறு முதல் இருநூறு கேஜ் (தாளின் தடிமன் அளவு) தாளை மண்ணோடு ஒட்ட விரித்து நான்கிலிருந்து ஆறு வாரம் விட வேண்டும். காய்ந்த மண்ணில் பலன் பாதிகூட இருக்காது. ஈரச் சூடுதான் விதைக்குள் இறங்கும். மே மாத ஆந்தி, அதாவது புழுதிப் புயல், ஒன்று அடித்தால் தாள் பக்கத்து வீட்டு மாடியில் கிடக்கும். செங்கல் வைத்தால் போதாது. நான்கு பக்கமும் பதினைந்து சென்டிமீட்டர் வாய்க்கால் வெட்டி ஓரத்தைப் புதைத்து மிதிக்கவும். நடுவில் செங்கல் வைத்தால் அதன் நிழலில் விதை பிழைத்துக்கொள்ளும். இத்தனை செய்தும் மேல் மண்ணில் உள்ளவைதான் சாகும். ஆழத்தில் இருப்பவை இருபது வருடத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும். அதனால் வெயில் காட்டிய பாத்தியை மறுபடி ஆழமாகக் கொத்தாதீர்கள். வேருக்கு இந்தச் சூடு ஒரு பொருட்டே இல்லை, கீழே குளுகுளுவென்று இருக்கும்.

கறுப்புத் தாள் வேருக்கு. வெளிச்சத்தை முழுதாக அடைத்தால் பட்டினி தானாக நடக்கும். ஆனால் ஒரு பருவத்துக்கென்று விற்கும் இருபத்தைந்து மைக்ரான் மல்ச் (மூடாக்கு) தாள் அடுத்த வெயிலுக்குள் கிழிந்துவிடும்; நெய்த தரைவிரிப்பு, சதுர மீட்டருக்கு நூறு கிராம் எடையாவது உள்ளது, வேண்டும். மூன்று வருடமாவது கிடக்கட்டும். கொடி கீழேயே ஊர்ந்து ஓரத்தில் தலைநீட்டும், ஆகவே பாத்திக்கு வெளியே அரை மீட்டர் கூடுதலாக விரிக்கவும். செடி வைக்க வட்டமாக ஓட்டை போட்டால் அதுவே கொடிக்கு வாசல். பெருக்கல் குறி போல வெட்டி, நட்ட பின் மடிப்புகளைத் தண்டோடு சேர்த்துவிட்டால் வாசல் குறுகும். அட்டைப்பெட்டி விரித்து மேலே வைக்கோல் போடும் முறை நாற்றை அடக்கும், வேர்த் தளிரை அடக்காது.

மருந்து பற்றிச் சுருக்கமாக. வினிகர் இலையை மட்டும் கருக்கும். உப்பு போடச் சொல்பவர்கள் நஜஃப்கட் பக்கத்து நிலத்தடி நீரைக் குடித்துப் பார்க்கட்டும், மண்ணில் உப்பு ஏற்கெனவே போதும். 2,4-டி என்ற களைக்கொல்லி கோதுமைக்குச் சரி. காய்கறியில் ஒரு காற்று வீச்சு போதும், தக்காளியும் கத்திரியும் இலை சுருண்டு போகும். கிளைஃபோசேட் என்ற இன்னொரு களைக்கொல்லியைக் கொடி பூக்கும் சமயத்தில் அடித்தால் வேருக்கு இறங்கும், அது உண்மை. ஆனால் 2022 அக்டோபரில் மத்திய அரசு அதைப் பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் மூலம் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று கட்டுப்படுத்தியது. தவிர, டெல்லிப் புழுதி படிந்த இலையிலும், போர்வெல் கடின நீரில் கலந்தாலும் அதன் வீரியம் குறையும். சாப்பிடும் பாத்திக்கு வேண்டாம்.

பயிர்த் தேர்வு பாதி வேலையைக் குறைக்கும். வெங்காயம், பூண்டு, கேரட் மூன்றும் இந்தக் களை உள்ள மண்ணுக்கு ஆகாது. நிழல் தராதவை, வரிசைக்குள் குர்பியும் நுழையாது. தூவி விதைக்கும் மேத்தி (வெந்தயக் கீரை), பாலக் கீரையும் அப்படியே. காலிஃபிளவர், முட்டைக்கோஸ், கத்திரியை அறுபதுக்கு நாற்பத்தைந்து சென்டிமீட்டரில் நட்டால் ஆரம்பத்தில் குர்பிக்கு இடம், பிறகு இலை மூடிய நிழல். ஜூன் இறுதியில் காலிப் பாத்தியில் பசுந்தாள் உரச் செடியான தக்கைப்பூண்டு, சதுர மீட்டருக்கு ஐந்து கிராம் விதை. நாற்பத்தைந்து நாளில் அறுத்து மேலேயே பரப்பலாம்.

பிடுங்கிய கொடியை உரக்குழியில் போடக்கூடாது. வீட்டு உரக்குழி அந்த வேரைக் கொல்லும் அளவுக்குச் சூடேறுவதில்லை. மே மாதத்தில் மொட்டை மாடித் தரையில் ஒரு வாரம் காய்ந்தால் முடிந்தது. ஜனவரியில் காயாது, தண்ணீர் நிரம்பிய வாளியில் முங்கப் போட்டு மூடி, ஐந்தாறு வாரம் அழுகவிட்டு அந்தத் தண்ணீரோடு உரக்குழியில் ஊற்றலாம். விதைக்காய் இருந்தால் அதுவும் கூடாது, குப்பைக்குத்தான்.

கடைசியாக, வெளியிலிருந்து வரும் மண். மாட்டின் வயிற்றுக்குள் போன விதை உயிரோடே வெளியே வரும், ஆகவே மட்காத சாணமும் வண்டியில் இறக்கும் ஆற்றுமண்ணும் சந்தேகத்துக்கு உரியவை. ஒரு தட்டில் பரப்பி இரண்டு வாரம் நனைத்துப் பாருங்கள். சதுர வித்திலை வந்தால் திருப்பி அனுப்பலாம். வராவிட்டால் விதையே இல்லை என்றாகாது, தோல் கடினமானதால் பல விதைகள் அந்த வருடம் முளைக்காமலே இருக்கும். புது மண் போட்ட பாத்தியில் முதல் குளிர்காலம் வெங்காயத்தைத் தவிர்த்துக் காலிஃபிளவர் வையுங்கள்.