கடற்கரை என்று சொல்லி ஊசிக்கு அழைத்துப் போவதா, ஊசி என்றே சொல்வதா?

மகளுக்கு ஐந்து வயதில் டிபிடி (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், டெட்டனஸ் தடுப்பு) ஊசி போட, "வெள்ளிக் கடற்கரைக்குப் போகலாம் வா" என்று சொல்லித்தான் கிளப்பினோம். வண்டி கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மருத்துவமனை வாசலில் நின்றது. வழியில் அழுகையே இல்லை. இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, நொடியில் ஊசி முடிந்தது. மகனுக்கு அதே ஊசி வந்தபோது காலையிலேயே உண்மையைச் சொன்னோம். கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டான்; கிளம்பவே அரைமணி நேரமாயிற்று.

அன்றைய சிரமத்தைப் பார்த்தால் மறைப்பதுதான் சுலபம். ஆனால் ஊசி அதோடு முடிவதில்லை. தடுப்பூசி அட்டவணையில் 10 வயதிலும் 16 வயதிலும் இன்னும் இருக்கின்றன. நடுவில் நாய்க்கடி, ரத்தப் பரிசோதனை என்று எது வேண்டுமானாலும் வரலாம். அடுத்த முறை பிள்ளை நம்மை நம்பி வருமா என்பதைத்தான் நான் பார்க்கிறேன். வெள்ளிக் கடற்கரை இருக்கும் தேவனாம்பட்டினத்துக்குக் கிளம்பும்போதெல்லாம் மகள், "நிஜமாகவே கடலுக்குத்தானே அம்மா?" என்று ஒரு வருடம் கேட்டாள். அந்தக் கேள்வி இன்னும் எனக்கு வலிக்கிறது. மகனோ அடுத்து ரத்தம் எடுக்கப் போனபோது, "எந்தக் கை?" என்று மட்டும் கேட்டான்.

சொல்வதிலும் பக்குவம் வேண்டும். ஒரு வாரம் முன்பே சொன்னால் வாரம் முழுக்கப் பயம். "வலிக்கவே வலிக்காது" பொய். "எறும்பு கடித்தாற்போல" பாதிப் பொய். "வலிக்கும், பத்து எண்ணுவதற்குள் முடிந்துவிடும், என் மடியில்தான் இருப்பாய்" என்று மகனிடம் சொன்னேன். படுக்கவைத்து அமுக்காமல் மடியில் நிமிர்த்தி அணைத்துக்கொண்டோம். பெற்றோர் உடனிருக்க, குழந்தை நிமிர்ந்து உட்கார்ந்திருப்பதையே உலக சுகாதார நிறுவனமும் 2015இல் பரிந்துரைத்தது. ஊசியைக் கண்டு மயங்கும் பிள்ளையை மட்டும் படுக்கவைக்க வேண்டும்; நர்ஸிடம் முன்பே சொல்லிவிடுங்கள். "சாப்பிடாவிட்டால் ஊசி போடச் சொல்வேன்" என்ற பாட்டியின் மிரட்டலையும் நிறுத்தினோம்.

மூன்றாவது வழி, தோலை மரத்துப்போக வைக்கும் லிக்னோகெயின், பிரிலோகெயின் என்ற இரண்டு மருந்துகள் கலந்த க்ரீம். மருத்துவரைக் கேட்டு, சுமார் ஒரு மணி நேரம் முன்பே தடவி மூடிவைக்க வேண்டும். தோலில் குத்துவது குறைவாகத் தெரியும். தசையில் மருந்து இறங்கும் வலி ஓரளவு இருக்கும். மகளின் 10 வயது ஊசிக்கு ஒரே ஒரு முறைதான் பயன்படுத்தினோம். அவள் அழவில்லை. க்ரீமாலா, வளர்ந்துவிட்டதாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கையில் தடவியதுமே, "இது எதற்கு?" என்று கேட்டாள். ஊசிக்கு என்றுதான் சொன்னேன்.