ஹாஸ்டல் அலமாரியா, பழைய புத்தகக் கடையா, கிண்டிலா?

மலிவு விமானங்கள் பலவற்றில் கையோடு கொண்டுபோகும் பைக்கு 7 கிலோதான் அனுமதி. முந்நூறு பக்கப் பேப்பர்பேக் ஒன்று கால் கிலோவுக்குப் பக்கம் வரும், மூன்று எடுத்தால் முக்கால் கிலோ, அதாவது மழைக்கோட்டும் ஒரு ஜோடிச் செருப்பும் இருக்கவேண்டிய இடம். இரண்டு மாதப் பயணத்துக்கு மூன்று புத்தகம் எந்த மூலைக்கு? முதல் ராத்திரி பஸ்ஸிலேயே ஒன்று தீர்ந்துவிடும். படிக்கிற பழக்கத்தோடு முதுகுப்பையையும் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்கள் ஏதாவது ஒரு வழியில் வந்து சேர்ந்துதான் ஆகவேண்டும். நான் எல்லா வழியையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டேன்.

ஹாஸ்டல் அலமாரியிலிருந்து தொடங்கலாம், அதாவது பயணிகள் தங்கும் மலிவு விடுதிகளில் படித்த புத்தகங்களை விட்டுப்போகும் அலமாரி. ஒன்றை வை, ஒன்றை எடு, காசு கிடையாது. சில இடங்களில் இரண்டு கொடுத்தால்தான் ஒன்று என்று எழுதி ஒட்டியிருப்பார்கள், ஆனால் அதை யாரும் நின்று பார்ப்பதில்லை. இலவசம் என்பது சரி, ஆனால் அந்த அலமாரியில் நிற்பவை எல்லாம் யாரோ ஒருவர் 'இதை இனிமேல் சுமக்க முடியாது' என்று கைகழுவியவை என்பதை மறந்துவிடக்கூடாது. டச்சு மொழியில் நான்கு, ஜெர்மனில் ஆறு, ஏதோ ஒரு தொடரின் இரண்டாம் பாகம், அப்புறம் பத்து வருடப் பழைய வழிகாட்டிப் புத்தகம், அதிலும் போகிற நாட்டுப் பக்கங்களை மட்டும் பிளேடால் அறுத்து எடுத்துக்கொண்டு மிச்சத்தை வைத்திருப்பார்கள். கடற்கரை ஊர் என்றால் இன்னும் மோசம், நடுப்பக்கத்தில் மணல், அட்டையில் சன்ஸ்கிரீன் பிசுபிசுப்பு, வெயிலில் பசை விட்டுப் பக்கம் பக்கமாகக் கையோடு வரும். ஒரு துப்பறியும் நாவலை ரயிலில் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்து படித்துவிட்டுக் கடைசி இருபது பக்கம் இல்லை என்று கண்டுபிடித்த நாளிலிருந்து, எதை எடுத்தாலும் முதலில் கடைசிப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறேன். கொலையாளி பெயர் கண்ணில் பட்டாலும் பரவாயில்லை.

ஆனால் எல்லா அலமாரியும் ஒன்றில்லை. மலையேற்றம் தொடங்கும் ஊர்களில் அலமாரி நன்றாக இருக்கும், ஏனென்றால் மறுநாள் ஏறப்போகிறவர்கள் பை கனத்தைக் குறைக்க நல்ல புத்தகத்தைக்கூட மனசில்லாமல் வைத்துவிட்டுப் போவார்கள். ஊருக்குத் திரும்பும் விமானத்துக்கு முந்தைய நகரமும் அப்படித்தான். கடற்கரை ஊர் அலமாரியைப் பார்க்கவே வேண்டாம். இன்னொன்று, அறை காலி செய்கிற நேரம் முடிந்ததும் போய்ப் பாருங்கள். சாயங்காலம் போனால் ஜெர்மன் மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

அடுத்தது பழைய புத்தகக் கடை. காத்மாண்டுவின் தமேல் பகுதியில் இதை ஒரு முறையாகவே வைத்திருக்கிறார்கள்: வாங்கிய புத்தகத்தைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் பாதி விலை கையில். இது அங்கே ஏன் எடுபடுகிறது என்றால், நேபாளத்தில் மலைப்பாதைகளில் நடக்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் மறுபடியும் காத்மாண்டுவுக்குத்தான் வந்தாகவேண்டும். பாங்காக்கின் காவோ சான் சாலையும் அதேபோலத்தான், தென்கிழக்கு ஆசியாவைச் சுற்றுகிறவர்கள் போகும்போதும் வரும்போதும் அங்கே தலைகாட்டுவார்கள். வந்த வழி திரும்பாமல் ஒரே திசையில் போகிறவருக்கு 'பாதி விலை' என்பது காகிதத்தில் எழுதின சர்க்கரைதான். வேறு ஊர்க் கடையில் கொடுத்தால் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரு டீக்காசு சொல்வார்கள். இருந்தாலும் தேர்ந்தெடுத்து வாங்க முடிகிறது, கடைக்காரரிடம் பேச முடிகிறது, அதற்காகவே அலமாரியைவிடக் கடைக்கு ஒரு படி மேலே இடம் கொடுப்பேன்.

வியட்நாமில் இன்னொரு ரகம் உண்டு. வயிற்றிலிருந்து தாடை வரை புத்தகங்களை அடுக்கி, கயிறு கட்டிச் சுமந்துகொண்டு ஓட்டல் வாசலில் விற்பார்கள். பிளாஸ்டிக் உறையைப் பிரித்தால்தான் உள்ளே ஜெராக்ஸ் என்று தெரியும், படங்கள் கறுப்புத் திட்டு, வரிகள் ஒரு பக்கம் சாய்ந்து மடிப்புக்குள் போயிருக்கும். எழுதியவருக்கு ஒரு பைசா போகாது. நான் ஒரு தடவை வாங்கினேன், இனிமேல் வாங்கமாட்டேன்.

சரி, கிண்டில், அமேசானின் மின்புத்தகக் கருவி. 2007ல் வந்தது, அதில் பேப்பர்வைட் என்கிற ரகம் 2018லிருந்து தண்ணீரையும் தாங்குகிறது, 200 கிராம் சொச்சத்துக்குள் ஆயிரக்கணக்கில் புத்தகம். பக்கம் மாறும்போது மட்டும்தான் இதன் காகிதம் போன்ற இ-இங்க் திரை மின்சாரம் எடுக்கும் என்பதால் சார்ஜர் தேடி அலைகிற வேலை அபூர்வம். பன்னிரண்டு பேர் தூங்கும் அறையில் மேல்கட்டிலில் படுத்துக்கொண்டு யாரையும் எழுப்பாமல் படிக்க இதை அடிக்க வேறொன்றில்லை. நம்மைப் போன்றவர்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது: எந்த நாட்டு ஹாஸ்டல் அலமாரியிலும் இதுவரை நான் ஒரு தமிழ்ப் புத்தகம் பார்த்ததில்லை. மதுரைத் திட்டம் 1998லிருந்து தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாக ஏற்றிவருகிறது, ஆங்கில நூல்களுக்கு அதேபோன்ற குட்டன்பெர்க் திட்டம் 1971லிருந்தே இருக்கிறது. கிளம்புமுன் இறக்கி வைத்துக்கொண்டால் மாதக்கணக்கில் ஓடும்.

குறை என்ன? படித்ததைப் பக்கத்துக் கட்டிலில் இருப்பவரிடம் நீட்ட முடியாது. காசு கொடுத்து வாங்கினாலும் அது நம்முடைய பண்டம் இல்லை என்பதை அமேசானே 2009ல் காட்டிவிட்டது, உரிமைச் சிக்கல் என்று ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல்லின் நூல்களை வாசகர்களின் கருவிகளிலிருந்தே அழித்தது, பணத்தைத் திருப்பிக் கொடுத்தது என்பது வேறு விஷயம். அப்புறம், பைக்குள் அழுந்தித் திரை போனால் மொத்த நூலகமும் போச்சு. போனில் படிப்பதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, மேப்புக்கும் டிக்கெட்டுக்கும் வேண்டிய பேட்டரியை நாவலுக்குச் செலவழிப்பது வீண்.

2001ல் தொடங்கிய புக்கிராசிங்கையும் முயன்றேன். புத்தகத்துக்கு ஓர் எண் வாங்கி ஒட்டிப் பொது இடத்தில் விட்டுவிட வேண்டும், எடுத்தவர் அந்த எண்ணை இணையத்தில் பதிந்தால் அது எங்கே போகிறதென்று தெரியும். ஐந்து விட்டேன், ஒன்றுக்குத்தான் பதில் வந்தது. விடுவதற்கு நல்ல வழி, படிக்கப் புத்தகம் கிடைக்க அல்ல.

கைக்குக் கை மாற்றிக்கொள்வதுதான் எனக்குப் பிடித்தது, அதை நம்பிக் கிளம்ப முடியாது என்றாலும். லாவோஸில் ஹுவாய் சாயிலிருந்து லுவாங் பிரபாங்குக்கு மேகாங் ஆற்றில் படகு, இரண்டு நாள், ராத்திரி பாக் பெங்கில் தங்கல். முதல் நாள் மத்தியானம் நான் ஒரு தடித்த நாவலின் பாதியில் இருக்கிறேன், எதிர் இருக்கைப் பெண் படிக்க ஒன்றுமில்லாமல் மூன்றாம் முறையாக மருந்துச் சீட்டைப் படித்துக்கொண்டிருக்கிறார். நாவலை நடுவில் விரித்து முதுகை உடைத்தேன். முதல் பாதி அவருக்கு, இரண்டாம் பாதி எனக்கு. மறுநாள் முழுக்க அவர் "இவன்தானா?" என்று கேட்பதும் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வதுமாகப் போனது. கரையிறங்கிய அன்றிரவே மிச்சத்தையும் முடித்துவிட்டார். இரண்டு பாதியையும் ரப்பர் பேண்ட் போட்டுத் தங்கியிருந்த விடுதி அலமாரியில் வைத்தோம்.

இப்போது என் பையில் ஒரு கிண்டில், ஒரே ஒரு பேப்பர்பேக். அந்த ஒன்றை எனக்குப் பிடித்ததாக எடுப்பதில்லை, கொடுக்க மனசு வராது. யார் கேட்டாலும் வாங்கிக்கொள்ளும்படியான குண்டுத் துப்பறியும் நாவல், ஆங்கிலத்தில், கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு.