ஃபேபிள் 2: நாய் விஷயத்தில் மட்டும் சொன்னதைச் செய்தார்கள்

ஃபேபிள் வீடியோ கேம் வரிசையில் புதியது வருவதற்குள் இரண்டாம் பாகத்தை நாம் இருவரும் சேர்ந்து ஆடி முடித்துவிடலாமா என்று நண்பன் கேட்டான். வருடக்கணக்கில் விட்டு விட்டு ஆடிவரும் கேம், அதனால் பதில் கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

இந்த கேம்களை உருவாக்கிய பீட்டர் மோலினியூவின் வாய் எப்படிப்பட்டது என்று எல்லோருக்கும் தெரியும். முதல் ஃபேபிளில் ஒரு மரத்திலிருந்து விதையைத் தட்டிவிட்டால் அது நாளாக நாளாக மரமாக வளரும் என்றார். 2004-ல் கேம் வந்தது, மரம் வரவில்லை, சொன்ன பலவும் இல்லாததற்கு அவரே வெளிப்படையாக மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. அதே மனிதர் 2007-ல் மேடையேறி, அடுத்த பாகத்தின் பெரிய விஷயமே ஒரு நாய்தான் என்றால் யார் நம்புவார்கள்?

ஆனால் அந்த நாய் பிரமாதம். இங்கே போ, அங்கே போ என்று அதை ஏவ முடியாது, அது தன் பாட்டுக்கு வரும். புதையல் வாசம் பட்டால் குரைத்துக்கொண்டே முன்னால் ஓடி, நாம் வருகிறோமா என்று திரும்பிப் பார்க்கும். எதிரிகள் பதுங்கியிருந்தால் உறுமும். திரை மூலையில் குட்டி வரைபடம் கிடையாது, அந்த வேலையில் பாதியை இதுதான் பார்க்கிறது. சண்டையில் அடிபட்டால் நொண்டும். நாம் கவனிக்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் முனகிக்கொண்டு பின்னால் வரும், நின்று மருந்து போடும் வரை எனக்கு வேறு எதிலும் மனசு போகாது. கடைசியில் (கதை தெரிய வேண்டாம் என்பவர்கள் அடுத்த பத்தியையும் தாண்டிப் போய்விடுங்கள்) ஆயிரக்கணக்கானோரின் உயிரா, பத்து லட்சம் பொன்னா, இல்லை குடும்பமும் நாயுமா என்று கேம் கேட்கிறது. ஒவ்வொரு தடவையும் நாயைத்தான் திரும்ப வாங்குகிறேன்.

அதற்கு முன் வரும் வில்லன் முடிவு மகா மோசம். சின்ன வயதில் அக்காவைக் கொன்றவனைத் தேடி இவ்வளவு தூரம் வந்தால், ஒரே ஒரு குண்டு, முடிந்தது. நாம் கொஞ்சம் தாமதித்தால் அந்தக் குண்டையும் கூட இருப்பவன் சுட்டுவிடுகிறான்!

சரி, அதையும் பொறுத்துக்கொள்ளலாம். எனக்குப் பொறுக்காதது கோ-ஆப், அதாவது இருவர் சேர்ந்து ஆடும் வசதி. வந்து சேருகிறவன் தன் கேமில் வளர்த்த வீரனாக வர முடியாது, தயாராக வைத்திருக்கும் அடியாட்களில் ஒருவனைத் தேர்ந்தெடுத்துக்கொண்டுதான் வர வேண்டும். ஆளுக்கொரு ஊரில் உட்கார்ந்து ஆன்லைனில் ஆடினாலும் இருவருக்கும் ஒரே கேமராதான், ஒருவன் இந்தப் பக்கமும் இன்னொருவன் அந்தப் பக்கமும் இழுத்தால் யாருக்கும் எதுவும் தெரியாது. இதையெல்லாம் விடுங்கள், விருந்தாளியின் நாய் வராது! நாய்தான் உயிர் என்று மேடையில் சொல்லிவிட்டு, நண்பனைக் கூப்பிடும்போது அவன் நாயை வாசலிலேயே நிறுத்திவிட்டு வா என்றால் என்ன நியாயம்? காசும் அனுபவப் புள்ளிகளும் அவன் கேமுக்குப் போய்ச் சேரும், அதை மறுக்கவில்லை, ஆனால் கூலி வாங்கிக்கொண்டு போகவா அவன் வந்தான்?

நாய்க்காகவே ஆடலாம் என்று சொல்லத்தான் எழுத ஆரம்பித்தேன். ஆனால் நீ கேட்டது சேர்ந்து ஆடுவதைப் பற்றி, அதற்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். 2014-ல் வந்த ஆனிவர்சரி பதிப்பில் முதல் பாகத்தைத் தனியாக ஆடு, அது பிசியிலும் கிடைக்கிறது.