நான்காம் நிலை ஆங்கிலத் தேர்வுக்கு வாங்கிய பழைய வினாத்தாள் கட்டு: மூன்று மாதம் பயன்படுத்திய பிறகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தேர்வு எழுதியது நான் இல்லை. சீனாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவியாக இருக்கிறேன். எங்கள் ஆய்வகத்துக்கு வரும் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி என்னை 'ஷுவேஜியே' என்று கூப்பிடுவாள், படிப்பில் மூத்த அக்கா என்று பொருள். அவள் எனக்கு 'ஷுவேமெய்', படிப்புத் தங்கை. அந்தத் தங்கை ஜூனில் சிஇடி எனப்படும் கல்லூரி ஆங்கிலத் தேர்வின் நான்காம் நிலையை எழுதி, ஆகஸ்ட் கடைசியில் 398 என்று மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் ஆய்வகப் பக்கமே வரவில்லை. செப்டம்பரில் இந்தக் கட்டை வாங்கினாள், நானும் கூட உட்கார்ந்தேன். டிசம்பர் வரை நாங்கள் இருவரும் இதோடுதான் வாழ்ந்தோம், அதனால் இதைப் பற்றி எழுத எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

தேர்வைப் பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். 1987இல் தொடங்கிய தேசியத் தேர்வு இது, வருடத்துக்கு இரண்டு முறை, ஜூனிலும் டிசம்பரிலும், ஒரு சனிக்கிழமையில் நடக்கும். காலையில் நான்காம் நிலை, மதியம் ஆறாம் நிலை. மொத்தம் 710. தேர்ச்சி, தோல்வி என்று எதுவும் அச்சடித்து வராது, மதிப்பெண் அறிக்கை மட்டும்தான். ஆனால் 425 இருந்தால்தான் ஆறாம் நிலைக்கே பதிவு செய்ய முடியும், அதனால் எல்லோர் வாயிலும் "தாண்டியாச்சா?" என்றால் 425ஐத் தாண்டியாச்சா என்றுதான் அர்த்தம். பட்டத்துக்கும் இந்தத் தேர்வுக்கும் முடிச்சு வேண்டாம் என்று பல கல்லூரிகள் அவிழ்த்துவிட்டன, 2023இல் சியான் ஜியாவ்தோங் பல்கலைக்கழகம் அப்படி அறிவித்தது பெரிய செய்தியானது. இருந்தாலும் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது எத்தனையோ இடங்களில் இந்த எண்ணைக் கேட்கிறார்கள், ஆகவே பயம் அப்படியேதான் இருக்கிறது.

இப்போது கட்டுக்கு வருகிறேன். விலை 45 யுவான், தாவ்பாவ் என்ற இணையக் கடையில் வாங்கியது. பதிப்பகத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை, குறைகளும் சொல்லவேண்டியிருக்கிறது. எப்படியும் இந்த வகைக் கட்டுகளைப் பல பதிப்பகங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் போடுகின்றன. உறையைப் பிரித்தால், கடந்த சில ஆண்டுகளின் உண்மையான வினாத்தாள்கள் தனித்தனியாக மடித்து இருக்கும், இவற்றை 'ஜென்தி' என்கிறார்கள். ஒவ்வொரு தேர்வுக்கும் இரண்டு மூன்று தாள், ஏனென்றால் ஒரே அறையிலேயே பக்கத்தில் உட்காருபவருக்கு வேறு தாள் கொடுப்பார்கள். கூடவே தேர்வில் தருவது போலவே அச்சிட்ட விடைத்தாள்கள், ஒரு தடிமனான விளக்கப் புத்தகம், அடிக்கடி வரும் சொற்களின் கையடக்கப் புத்தகம் ஒன்று, கடைசியாக 'இந்த முறை இதுதான் வரும்' என்கிற மாதிரித் தாள் மூன்று.

எதற்காக 45 யுவான் கொடுக்கலாம் என்று கேட்டால், நான் முதலில் அந்த விடைத்தாள்களைத்தான் காட்டுவேன். சாதாரண விஷயம் போலத் தெரியும், இல்லை. காலை 9.10க்குக் கட்டுரை தொடங்கும், 9.40க்குக் கேட்டல் பகுதி, 10.05க்கு ஒலிப்பதிவு முடிந்த உடனேயே முதல் விடைத்தாளை வாங்கிவிடுவார்கள். கட்டுரையும் கேட்டல் விடைகளும் அந்தத் தாளில்தான். அப்புறமாக வட்டங்களை நிரப்பிக்கொள்ளலாம் என்று வினாத்தாளில் மட்டும் குறித்து வைத்தவர்களுக்கு அப்புறம் என்று ஒன்று கிடையாது. தங்கைக்கு ஜூனில் நடந்தது இதுதான். 25 கேள்வியில் 7 வட்டம் வெறுமையாகவே போனது. இது தெரிந்தவுடன் எனக்கு அவளை விட அதிகமாக வயிறு எரிந்தது. அதனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை சரியாக 9.10க்கு ஆய்வகக் கூட்ட அறையில் அவளை உட்காரவைத்து, 10.05க்கு நான் வந்து தாளைப் பிடுங்கிக்கொண்டு போவேன். முதல் வாரம் மறுபடியும் 4 வட்டம் காலி. மூன்றாவது வாரத்திலிருந்து ஒன்றுகூட இல்லை, 2பி பென்சில் தானாக நகர ஆரம்பித்துவிட்டது. வெறும் புத்தகமாகத் தைத்த பதிப்பு வாங்கியிருந்தால் இந்தப் பழக்கம் வந்திருக்காது.

இரண்டாவது பெருமை விளக்கப் புத்தகத்துக்கு. வாசிப்புப் பத்திகளை வாக்கியம் வாக்கியமாகப் பிரித்து, எது எழுவாய், எது வினை, எங்கே ஒரு கிளைத்தொடர் நுழைகிறது என்று அடிக்கோடிட்டுக் காட்டியிருக்கிறார்கள். கேட்டல் பகுதிக்கு முழு எழுத்துப்படியும் உண்டு, விடை ஒளிந்திருக்கும் வரி வேறு நிறத்தில். கேட்டலில் கேள்வி தாளில் இருக்காது, காதால்தான் கேட்கவேண்டும், தாளில் நான்கு தெரிவுகள் மட்டும் இருக்கும், அதுவும் எல்லாம் ஒரே ஒரு தடவைதான் ஒலிக்கும். முதலில் தாளைச் செய்து, பிறகு எழுத்துப்படியைப் பார்க்காமல் மறுபடி கேட்டு, தவறிய இடத்தை மட்டும் நாலைந்து முறை ஓட்டி, கடைசியில்தான் படியைத் திறக்கவேண்டும். ஒரு தாளுக்கு இப்படி ஐந்து மணி நேரம் போகும். மூன்று மாதத்தில் 12 தாள்தான் முடித்தோம், கட்டில் இருப்பவற்றில் பாதிகூட இல்லை. அவளுடைய அறைத் தோழி தினம் ஒரு தாள் என்று வேகமாக ஓட்டி, விடையை மட்டும் சரிபார்த்து மூடி வைத்துவிடுவாள். அப்படிச் செய்வதற்கு இந்தக் கட்டு தேவையே இல்லை, இணையத்தில் விடைகள் கொட்டிக்கிடக்கின்றன.

கேட்கும்போது அவள் ஓயாமல் தடுமாறிய ஒரு இடம் எண்கள். சீனத்தில் பத்தாயிரத்துக்கு 'வான்' என்று தனிச் சொல், அதை வைத்தே மேலே எண்ணுகிறார்கள். மூன்றரை லட்சம் என்றால் அவர்களுக்கு 35 வான். ஆங்கிலத்தில் 'த்ரீ ஹண்ட்ரட் அண்ட் ஃபிஃப்டி தவுசண்ட்' என்று செய்தியில் வந்ததும் அவள் மனதுக்குள் அதை வானாக மாற்றப் போய்விடுவாள், அதற்குள் அடுத்த இரண்டு வாக்கியம் ஓடிப்போயிருக்கும். எனக்கு இது உடனே புரிந்தது, லட்சம், கோடி என்று எண்ணி வளர்ந்த நமக்கும் இதே சிக்கல்தானே. மாற்றாதே, காதில் விழுந்தபடியே எண்ணாகக் கிறுக்கு என்று பழக்கினேன். விளக்கப் புத்தகத்தில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. சீன மாணவர்களுக்காகவே போட்ட புத்தகத்தில் இது இல்லாமல் போனது எனக்கு வருத்தம்தான்.

மொழிபெயர்ப்புப் பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. 2013 டிசம்பரிலிருந்து ஒரு முழுப் பத்தி, 140 முதல் 160 எழுத்து வரை, சீனத்திலிருந்து ஆங்கிலத்துக்கு. பொருள் பெரும்பாலும் அவர்கள் ஊர், அவர்கள் வழக்கம். 2017 ஜூனில் யாங்சி, மஞ்சள் ஆறு, முத்து ஆறு, டிசம்பரில் தாய்ஷான், ஹுவாஷான், ஹுவாங்ஷான் மலைகள், தாளுக்கு ஒன்றாக. 2019 ஜூனில் காகித வெட்டுக் கலை, விளக்குகள், சிங்க நடனம். பழைய தாள்களை வரிசையாகச் செய்தால் 'அமைந்திருக்கிறது', 'வரலாறு உடையது', 'குறியீடாகக் கருதப்படுகிறது' மாதிரியான தொடர்கள் திரும்பத் திரும்ப வருவது தெரியும், ஒரு நாற்பது ஐம்பது தொடரைக் கைக்குள் வைத்துக்கொண்டால் பாதி பத்தி நகர்ந்துவிடும். மீதிப் பாதியில்தான் உண்மையான கஷ்டம். சீன வாக்கியம் காற்புள்ளி போட்டுப் போட்டு நீண்டுகொண்டே போகும், நடுவில் எழுவாயையும் விட்டுவிடும். நாம் 'மலையில் பிறந்து, சமவெளியில் பாய்ந்து, வயல்களை நனைத்து, கடலில் கலக்கிறது' என்று எச்சமாக அடுக்குவோமே, கிட்டத்தட்ட அதே ஓட்டம். நமக்கு 'து', 'ந்து' என்று ஒட்டுப் போட இடம் இருக்கிறது. சீனத்தில் அதுவும் இல்லை, வெறுமனே வினைகள் வரிசையாக நிற்கும். அதை ஆங்கிலத்தில் அப்படியே இறக்கினால் ஒரே வாக்கியத்தில் நான்கு வினை முட்டிக்கொண்டு நிற்கும். எங்கே முற்றுப்புள்ளி வைப்பது, எந்த வினையை முதன்மையாக வைப்பது என்று அவளும் நானும் ஒரே பத்தியில் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்திருக்கிறோம். அவளுக்கு ஆங்கிலம் பிடிக்க ஆரம்பித்தது அந்த மாலைகளில்தான்.

ஆனால் மாதிரி விடைகள்! மொழிபெயர்ப்புக்குக் கொடுத்திருக்கும் விடைகள் மிக அழகாக இருக்கின்றன, 420 எடுக்கத் திணறும் ஒருவரால் தேர்வறையில் அப்படி எழுதவே முடியாது. எளிய விடை ஒன்றும் அருகிலேயே கொடுத்திருக்கலாம். கட்டுரைப் பகுதி அதைவிட மோசம். நிரப்பிக்கொள்ள வசதியாக இடம் விட்ட அச்சு வாக்கியங்களை மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். அவள் செய்தாள், முதல் இரண்டு கட்டுரையும் அச்சு வாக்கியம் முடிந்த இடத்தில் சட்டென்று வேறொருவர் எழுதியது போல உடைந்தன. 'ஹி கோ', 'யெஸ்டர்டே ஐ சீ' என்று வரும், சீனத்தில் வினைச்சொல் காலத்துக்கோ ஆளுக்கோ மாறுவதில்லை, அதனால் அந்த ஒரு 'எஸ்' அவள் கண்ணுக்கே தெரியாது. நமக்குப் 'போனான், போகிறாள்' என்று வினையின் வாலிலேயே காலமும் ஆளும் இருப்பதால் இது பிழை என்று உடனே உறைக்கிறது. அச்சு வாக்கியங்களைத் தூக்கிப் போட்டுவிட்டு, வாரத்துக்கு இரண்டு, தலா 130 வார்த்தை, அவள் எழுத, வினைகளை மட்டும் நான் வட்டமிட்டுக் கொடுத்தேன்.

அடுத்த குறை ஒலிப்பதிவு. தாளில் இருக்கும் கியூஆர் கட்டத்தை வீசாட் என்ற அரட்டைச் செயலியில் காட்டவேண்டும், அவர்களுடைய பக்கத்தைப் பின்தொடரச் சொல்லும், பதிவு செய்யச் சொல்லும், ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கு முன்னாலும் அவர்கள் நடத்தும் வகுப்புக்கு விளம்பரம் ஓடும். சரி, பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது, தேர்வில் ஒவ்வொரு பகுதிக்கு முன்பும் வாசிக்கும் அறிவுறுத்தல்களை வெட்டி எடுத்துவிட்டார்கள். அந்த அறிவுறுத்தல் ஒலிக்கும் நேரம்தான் தெரிவுகளை முன்கூட்டிப் படித்து வைக்கக் கிடைக்கும் நேரம். அதைப் பழகாமல் தேர்வுக்குப் போவது பாதிப் பழக்கம்தான். முழுப் பதிவுகளை வேறு இடத்தில் தேடி இறக்கிக்கொண்டோம்.

மாதிரித் தாள் மூன்றையும் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வாசிப்புத் தெரிவுகளில் இரண்டு விடையும் சரி என்று வாதாட முடிகிறது, உண்மையான தாளில் அப்படி வராது. ஒன்றைச் செய்துவிட்டு மற்ற இரண்டையும் கணக்குப் போட எடுத்துக்கொண்டோம்.

சொல் புத்தகம் சுமாருக்கு மேல். அகர வரிசைச் சொல் புத்தகங்களில் முதலில் வரும் 'அபாண்டன்' என்ற சொல்லோடு நின்றுவிடுவது சீன மாணவர்களிடையே ஊரறிந்த கதை, அதனால் வரிசையைக் குலைத்து அச்சிட்ட பதிப்புகளே தனியாக விற்கின்றன. இந்தக் கையேடு எத்தனை முறை தேர்வில் வந்தது என்ற வரிசையில் போகிறது, அது நல்ல யோசனை. ஆனால் ஜூனுக்கு முன் அவள் செய்த தவறே சொற்களை மனப்பாடம் செய்யவைக்கும் கைபேசிச் செயலியில் மட்டும் ஆறு மாதம் செலவழித்ததுதான். பார்த்தால் தெரிந்த சொல், காதில் விழுந்தால் தெரியாத சொல்லாக இருந்தது.

கட்டோடு வராத, ஆனால் வாங்கியே தீரவேண்டிய ஒன்று இருக்கிறது, எஃப்எம் ஹெட்போன். பல கல்லூரிகளில் கேட்டல் பகுதி வளாக வானொலியில்தான் வரும், அலைவரிசையை முன்பே அறிவித்து, ஒரு நாள் சோதனை ஒலிபரப்பும் நடத்துவார்கள். அந்தச் சோதனைக்குப் போகாமல் இருக்காதீர்கள். அவள் முதலில் வாங்கியது சோதனை நாளில் சன்னல் ஓரம் போனால்தான் தெளிவாகக் கேட்டது. ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பலாம் என்பதால் திருப்பி அனுப்பிவிட்டு, கையால் திருகும் சக்கரத்துக்குப் பதில் அலைவரிசை எண் திரையில் தெரியும் வகையை வாங்கினாள். தேர்வன்று புது பேட்டரி, பையில் இன்னொரு ஜோடி.

முடிவு பிப்ரவரியில் வந்தது. 476. கேட்டல் 119இலிருந்து 158, வாசிப்பு 165இலிருந்து 183, கட்டுரையும் மொழிபெயர்ப்பும் சேர்ந்து 114இலிருந்து 135. அவள் திரையைப் பிடித்துக்கொண்டு ஆய்வகத்துக்கு ஓடி வந்தபோது நான் பிப்பெட்டைக் கீழே வைக்கக்கூட மறந்துபோனேன்.

கட்டுக்கு என் மதிப்பு ஐந்துக்கு நான்கு. ஒலிப்பதிவை வெட்டாமல் கொடுத்திருந்தால் நாலரை. வாங்குபவர்கள் டிசம்பருக்கு என்றால் அதே ஆண்டு ஜூன் தாள் சேர்ந்த பதிப்பா என்று பார்த்து வாங்குங்கள், தைத்த புத்தகம் வேண்டாம், தனித்தாளாக வருவதும் விடைத்தாள் நிறைய இருப்பதும்தான் முக்கியம். பழைய பொருள் விற்கும் இடங்களிலும் கிடைக்கிறது, பென்சிலால் எழுதி அழித்த தாள்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள், அழித்தாலும் தடம் தெரியும்.

தங்கை போன வாரம் ஆறாம் நிலைக் கட்டை வாங்கிவிட்டாள், வேறு பதிப்பகம், மாதிரித் தாள் இல்லாதது, 38 யுவான். மொழிபெயர்ப்புப் பத்தி இதில் 180 முதல் 200 எழுத்து. ஆறாம் நிலை மதியம் 3 மணிக்குத் தொடங்கும் என்பதால் கூட்ட அறையை இனி சனிக்கிழமை மதியத்துக்குப் பதிவு செய்திருக்கிறோம்.